ஆவுடைக்குப் பாட்டு வகுப்பு

சங்கரன்கோவிலில் செண்பகவல்லி டீச்சரிடம் பாட்டு படிக்கப் போனால், முதல் வேலையாகக் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு, "உனக்கு எதுக்குப் பாட்டு?" என்று கேட்பார். பதில் எதுவோ, பாடம் அது. மூச்சிரைப்புக்காரருக்கு நீட்டிப் பிடிக்கிற ஸ்வரங்கள் மட்டும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றவளுக்கு ஒரே பாட்டு, அதிலும் பாதி.

பசுபதிக்கு இது ஆகவே ஆகாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின் சீடராகச் சேர்ந்தவர் அவர். டீச்சரைவிட வயதில் மூத்தவர். பெரியவராக இருந்து என்ன, பிடிவாதம் போகுமா?

"எல்லாருக்கும் சரளி வரிசையில ஆரம்பிச்சா என்ன டீச்சர்? பிள்ளைகளைப் போய்க் கேக்கீங்களே, அதுகளுக்கு என்ன தெரியும்? பெத்தவங்க சொல்றபடி நடத்தினாப் போச்சு."

டீச்சர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

அந்நேரம்தான் பகவதி வாசலில் வந்து நின்றாள்.

"என் மகளுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கணும். வீட்டுக்கு வரணும் டீச்சர்."

"இங்க கூட்டிட்டு வாயேன்."

"அவ வர முடியாது. போன மாசியில காய்ச்சல்ல செத்துப்போயிட்டா."

பசுபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பகவதி அழாமல்தான் சொன்னாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் பாயை விரித்து, சுருதிப்பெட்டியைப் போட்டு, "ஏட்டி ஆவுடை, வந்து உக்காரு" என்று கூப்பிடுவாளாம். குரல் வருமாம். முதல் கீதத்தைப் பாடுமாம். நடுவில் ஒரே இடத்தில் தப்பு விடுமாம்.

"உசிரோட இருக்கையில அடிச்சும் பாத்தேன், அந்த இடம் வரல. இப்ப குரலும் தேஞ்சுக்கிட்டே வருது. அது நின்னுட்டா நான் எதுக்கு இருக்கணும்? திருத்திக் குடுங்க டீச்சர். நவராத்திரிக்குக் கோயில்ல பாட வைக்கிறதா வேண்டியிருக்கேன்."

"வா, போவோம்" என்று டீச்சர் எழுந்தார். பசுபதியும் பின்னாலேயே போனார்.

பகவதி வீட்டில் சின்ன அறை. பாய் விரித்திருந்தது. பகவதி சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

குரல் வந்தது. தொண்டை கட்டிய பிள்ளையின் குரல். பாயில் யாருமில்லை. ஆனால் தொடையில் தாளம் தட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பாட்டு நடுவில் தப்பியது. தாளம் நின்றது. 'ஹக்'கென்று மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கிற சத்தம். அடி விழப்போகிறது என்று அப்படி மூச்சைப் பிடிக்கிற பிள்ளைகளை அவர் வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறார்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார் டீச்சர்.

"நான் பெத்தவ!"

"யாரா இருந்தாலும்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே டீச்சர் கேட்பது மட்டும் காதில் விழுந்தது. "உனக்கு எதுக்கு தாயி பாட்டு?"

அப்புறம் ஏதோ கிசுகிசுப்பு. பகவதி கதவில் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பாவம், பெற்றவள் தவித்துப்போனாள்.

டீச்சர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னா? பாடுவாளா? எந்தப் பாட்டு வேணுமாம்?"

"அவளுக்குப் பாட்டு வேண்டாமாம் பகவதி. எப்பவுமே வேண்டாமாம்."

"பின்ன எதுக்குக் கூப்பிட்டதும் வாரா?"

"நீ கூப்பிட்டா வராம இருக்க முடியுமா? வெளிய பிள்ளைகள் விளையாடுற சத்தம் கேக்குதாம். போகட்டுமான்னு உன்கிட்ட கேக்கச் சொன்னா."