அரை விரற்கடை குட்டை

ஓரகத்திகளுக்குள் பொறாமை மூளக் காரணமா வேண்டும்? செண்பகவல்லிக்கு அது ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. மாரியம்மன் பொங்கலில் ராட்டினத் தொட்டில் கழன்று விழுந்ததில், மூத்தவள் தமயந்தியின் பன்னிரண்டு வயது மகன் தங்கதுரைக்கும், இவளுடைய நாலு வயது மகள் பூவிழிக்கும் தொடையெலும்பு முறிந்துபோயிற்று. பார்த்தது ஒரே டாக்டர். பையனுக்கு ஆபரேஷன் செய்து, எலும்புக்குள் இரண்டு கம்பி செலுத்தி, மயிரிழை பிசகாமல் நிமிர்த்தி வைத்தார். பூவிழிக்கோ இடுப்பிலிருந்து பாதம்வரை வெறும் மாவுக்கட்டு.

அவள் பிள்ளைக்கு ஆபரேஷன், என் பிள்ளைக்கு மாவா? செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது. பெண்பிள்ளை என்றால் அத்தனை இளப்பமா என்று புருஷனைக் குடைந்தெடுத்தாள். அடுத்து எடுத்த எக்ஸ்ரே, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. முறிந்த முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. கால் அரை விரற்கடை குட்டை. தெரிந்துதான் அப்படி வைத்தேன் என்றார் டாக்டர். ஏன் என்று அவர் சொல்லத் தொடங்குவதற்குள், இவள் படத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வேறொரு டாக்டர், வேண்டுமானால் திறந்து தகடு வைத்துச் சமமாக்கலாம் என்றார். போதாதா? மறுநாளே வாசலில் வேன் வந்து நின்றது. போன ஆடிக் காற்றில் முறிந்த முருங்கைக் கொப்பு, மறுபடி துளிர்த்து, மற்றக் கொப்புகளை எல்லாம் முந்தி வளர்ந்து வேன் கூரையை உரசிக்கொண்டிருந்தது. பிள்ளையைக் கட்டோடு ஏற்றப் போனால், கதவை மறித்து நிற்கிறாள் தமயந்தி.

"கட்டைப் பிரிக்காதே செண்பகம். ஒரு வருஷம் பொறு, கால் தானாச் சமமாகும்."

"என் பிள்ளை நொண்டணும், அதானே அக்கா உங்க ஆசை?"

தமயந்தி நகரவில்லை.

குட்டையாக வைத்த டாக்டர், சமமாக்கித் தருகிறேன் என்ற டாக்டர், வேனைக் கொண்டுவந்தவள், அதை மறித்தவள். சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: முதல் டாக்டரும், மறித்தவளும். சின்னஞ்சிறுசுகளின் தொடையெலும்பு முறிந்து ஆறும்போது, அங்கே ரத்த ஓட்டம் கூடி, அந்தக் கால் மற்றக் காலைவிடச் சற்று வேகமாக வளரும், அந்த முருங்கைக் கொப்பைப் போல. அதற்கு இடம் விட்டுத்தான் அவர் குட்டையாகக் கட்டினார். இழுத்துச் சமமாக்கியிருந்தால் பின்னால் அந்தக் கால் நீண்டிருக்கும். பன்னிரண்டு வயதில் அந்த வேகம் குறைந்துவிடும், உடம்பும் கனத்துவிடும். அதனால்தான் பையனுக்குக் கம்பி. சரி, இதெல்லாம் தமயந்திக்கு எப்படித் தெரிந்ததாம்? செண்பகம் பிள்ளைக்குக் கத்தியே படவில்லை, என் பிள்ளையை மட்டும் ஏன் அறுத்தீர்கள் என்று வயிறெரிந்து அதே டாக்டரிடம் போய்க் கேட்டவள்தானே அவளும்! பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.