மிச்சம் கிடைத்த ஒரு நிமிஷம்

தூத்துக்குடிக் கருத்தரங்கில் தன் முதல் ஆய்வுக் கட்டுரையை வாசிக்க வந்த சகாயராணிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அமர்வுத் தலைவர் பேராசிரியர் ஞானதிரவியம் மைக்கை விட்டால்தானே! போர்த்திய பொன்னாடையில் தொடங்கி, போய்வந்த பாரிஸ் வரை பேசித் தீர்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாப்பாட்டு நேரமாச்சும்மா. ஒரே நிமிஷத்துல முழுசையும் சொல்லணும். இல்லாட்டி சான்றிதழ் கிடையாது."

சகாயராணி மேடைக்கு ஓடினாள்.

"என் தலைப்பு, 'கருத்தரங்குகளில் இளம் ஆய்வாளர்களின் நேரத்தை விழுங்குவது எது?' ஒரு நிமிஷமே அதிகம் ஐயா. செய்முறை விளக்கத்தை நீங்களே செஞ்சு காட்டிட்டீங்களே!"

அரங்கம் அதிர்ந்தது. பதில் சொல்லத் தலைவர் மைக்கை எடுத்தார். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. எடுத்த மைக்கை அப்படியே அவளிடம் நீட்டினார்.

"நீயே முழுசா வாசிம்மா."