பத்து வைப்பதா, எட்டு வைப்பதா

மூன்றாவது இன்ஜினும் உருகிப்போன பிறகுதான் சென்னியப்பன் தன் குருவைத் தேடிப் போனார்.

குரு தேவநேசன் அவரைவிட நாலு வயது இளையவர். தொழில் சொல்லிக் கொடுத்ததால் சென்னியப்பனுக்கு அவர் வாத்தியார். வயதில் மூத்தவர் என்பதால் வாத்தியாருக்கு இவர் அண்ணா. பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுவது இருவருக்கும் பிழைப்பு.

"பத்து வெக்கறதா, எட்டு வெக்கறதா? அதை மட்டும் சொல்லுங்க வாத்தியாரே."

சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நசுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. டர்போ ஏற்கெனவே காற்றை அமுக்கித்தான் உள்ளே தள்ளுகிறது. பத்து மடங்கு நசுக்கினால் வண்டி தொட்டவுடன் பாயும்; சூடு மீறினால் பிஸ்டன் ஓட்டையாகும். எட்டு என்றால் பிஸ்டன் பிழைக்கும். டர்போ சுழன்று எழும்வரை வண்டி தூங்கி வழியும்.

"இதுவரைக்கும் என்ன வெச்சீங்க?"

"பத்துதான். எட்டு வெச்சா நம்மளோட போட்டி போடற அந்தப் பல்லடத்துக்காரன் விடுவானா? 'உங்க வண்டி டவுன் பஸ்ஸாட்டம் ஆள் ஏத்திக்கிட்டுத்தான் கெளம்புமா'ன்னு அத்தனை பேர் முன்னால கேட்டவனாச்சே. சாகற வரைக்கும் மறப்பனா?"

"பிஸ்டன் எதனால போச்சு?"

"மொதல் தடவை பெட்ரோல் பங்குக்காரன் கலப்படம். ரெண்டாவது, பிஸ்டன் வித்தவன் திருட்டுப்பய. மூணாவது..."

சென்னியப்பன் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது இன்ஜின் வெடித்து ஆயில் தீப்பிடித்தபோது வண்டியில் இருந்தவன் அவர் தங்கை மகன் கோகுலன். வலது கையில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. தங்கை பேச்சை விட்டுவிட்டாள். அவன் மட்டும், கை ஆறியதும் மாமன் கட்டுகிற வண்டியைத்தான் ஓட்டுவேன் என்கிறான்.

"நாக் அடிக்கலீங்களா?" என்றார் குரு.

நசுக்கல் மிஞ்சினால் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டனைச் சுத்தியலாட்டம் அடிக்கும். முதலில் அந்த 'நாக்' சத்தம் வரும். ஓட்டை அப்புறம்.

"துளி சத்தம் இல்லீங்க. மூணையும் நானே மேட்டுல ஏத்திப் பாத்துத்தான் குடுத்தேன். சத்தத்தைப் புடிக்க சென்சார் வெக்கச் சொன்னானுங்க பட்டறைப் பசங்க. எங்காதைவிட ஒரு கம்பி ஒசத்தியான்னு அத்தனை பேரையும் வேலையை விட்டே தொரத்திட்டேன். நாலாவதும் பத்துலதான் கட்டிருக்கேன், வெளிய நிக்குது."

"வாங்ணா, ஒரு ரவுண்டு போலாம்."

மேட்டுச் சாலையில் சென்னியப்பன் ஓட்டினார். டர்போ விசிலடித்து எழுந்தது. வண்டி பாய்ந்தது. குருவின் விரல் டேஷ்போர்டைத் தட்டத் தொடங்கியது.

"என்னுங்க, தாளம் போடறீங்க?"

"நான் போடலீங்ணா. இன்ஜின் போடுது."

சென்னியப்பன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். விரல் நின்றது. மறுபடி மிதித்தார். விரல் தட்டியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மிதித்தார். விரல் படபடவென்று தட்டியது. அவர் காதில் விசில் மட்டும்தான் விழுந்தது.

ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார்.

பங்குக்காரனை மண்ணை வாரித் தூற்றியிருந்தார். பிஸ்டன்காரன் கடை வாசலில் நின்று சாபம் விட்டிருந்தார். இப்போது திட்ட ஓர் ஆள் மிச்சமில்லை. கோகுலனின் கை மட்டும் கண்ணுக்குள் நின்றது.

"எத்தனை நாளா காது இப்படியோ," என்றார்.

குருவின் பக்கம் திரும்பினார்.

"எட்டே வெச்சர்றேன் வாத்தியாரே. பல்லடத்தான் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். எட்டு வெச்சா பையனுக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்க?"

குரு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் ஏறுனா எட்டுலயும் நாக் அடிக்குமுங்ணா," என்றார். "அந்தச் சத்தத்தைக் கேக்கறதுக்கு யாரை வெச்சிருக்கீங்க?"