பதியாத பெயர்

ஒரு வழக்கைச் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். யோசித்து யோசித்து எனக்கு அலுத்துப் போய்விட்டது.

ஈரோட்டில் பெருந்துறை சாலையில், ஒரு எலக்ட்ரிக்கல் கடையின் மாடியில், கனகசபாபதி என்பவர் கோடிங் பயிற்சி மையம் நடத்தினார். பெங்களூரிலிருந்து ஆசிரியர் நேரில் வந்து சொல்லித் தருவார், படிப்பு முடிந்ததும் கம்பெனிக்காரர்களே தேடி வருவார்கள் என்று ஊரெல்லாம் நோட்டீஸ். ஆசிரியர் வந்தார், இல்லையென்று சொல்லக் கூடாது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, வேறு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அதன்பின் சுவரில் ஒரு டிவியை மாட்டி, யாரோ ஒருவர் பாடம் நடத்தும் வீடியோக்களைப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, திரையில் தெரிவதை அப்படியே பார்த்து அடிப்பார்கள். அதுதான் படிப்பு. புரியவில்லை என்று போய் நின்றால், "வீடியோவ இன்னொருக்கா ஓட்டிப் பாரு கண்ணு" என்பார் கனகசபாபதி. கம்ப்யூட்டரைப் போடவும் அணைக்கவும் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது, பாவம்.

அங்கே படித்தவர்களில் மூவரைத் தெரிந்துகொண்டால் போதும். கோகிலவாணி, ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு, ஐ.டி. வேலை நிச்சயம் என்று வீட்டில் சண்டை போட்டு வந்தவள். இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடியும் அதே பில் கவுண்டர்தான். இன்னொரு தடவை வீட்டில் கெஞ்ச அவளுக்கு வாய் எழாது. நவநீதன் கெட்டிக்காரன், யாரோடும் அதிகம் பேச மாட்டான். மிதுன்ராஜ் எல்லோருக்கும் நல்லவன். நாலு பேர் முன்னால் அசிங்கப்படுவது என்றால் மட்டும் அவனுக்கு உயிர் போய்விடும்.

படிப்பின் முடிவில் செய்து காட்ட வேண்டியது, சின்ன கிளினிக் ஒன்றுக்கான ப்ரோக்ராம். நோயாளியின் பெயரை அடித்து 'சேவ்' பட்டனை அழுத்தினால் அது பதிவாக வேண்டும். எல்லோரும் வீடியோவைப் பார்த்து அடித்தார்கள். அழுத்தினால் பெயர் மறைந்தது, எங்கும் பதியவில்லை. நடந்தது என்னவென்றால், பாடம் நடத்தியவர் ஓரிடத்தில் தவறாக எழுதி, அடுத்த வீடியோவில் அதைத் திருத்தியிருக்கிறார். அந்த ஒரு வீடியோவை மட்டும் மையத்தில் ஏற்ற மறந்துவிட்டார்கள். அதற்கும் அடுத்ததில் அவருக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. ஆகவே ஒவ்வொருவரும், நாம்தான் எங்கேயோ தப்பாக அடித்துத் தொலைத்தோம், மற்றவர்களுக்குச் சரியாக வந்திருக்கும் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. ஒரு வகுப்பே ஒரே தவறை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் மறைத்து உட்கார்ந்திருந்தது, போங்கள்!

மிதுன்ராஜ், பட்டனை அழுத்தியதும் 'பதிவாகிவிட்டது' என்று பச்சை எழுத்து வரும்படி செய்துகொண்டான். பெயர் பதியாது, எழுத்து மட்டும் வரும். நவநீதன் இணையத்தில் தேடி, மண்டையை உடைத்துக்கொண்டு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டான். பக்கத்து மெஷினிலும் அதே பிழை இருப்பதைப் பார்த்தபோது, எல்லோருக்கும் இதே கதிதான் என்று அவனுக்குப் புரிந்தது. சொல்லவில்லை. வரப்போவது ஒரே வேலை என்று கேள்விப்பட்டிருந்தான். கோகிலவாணி முட்டி மோதிப் பார்த்தாள், முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனியிலிருந்து ரெஜினா மேடம் வந்தார். ஒரே ஒருவரைத்தான் எடுத்துக்கொள்வோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மிதுன்ராஜின் பச்சை எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மற்ற பிள்ளைகள் பெயரை அடித்துக் காட்டிவிட்டு, அழுத்த வேண்டிய நேரத்தில் பேச்சை மாற்றித் தப்பித்தார்கள். கோகிலவாணியின் முறை வந்தது.

"சேவ் பண்ணுங்க" என்றார் மேடம்.

அவள் பட்டனிலிருந்து கையை எடுத்தாள். "பதியாதுங்க மேடம். அழுத்துனா பேரு காணாமப் போயிருது. ஏன்னு எனக்குத் தெரியலைங்க."

ரெஜினா மேடம் எழுந்தார். ஒவ்வொரு மெஷினிலும் தானே ஒரு பெயரை அடித்து, ப்ரோக்ராமை மூடி, திரும்பத் திறந்து பார்த்தார். எல்லாம் காலி. மிதுன்ராஜின் பச்சை எழுத்துக்குப் பின்னாலும் காலி. நவநீதனுடையதில் மட்டும் பெயர் இருந்தது.

"உங்களுக்கு இந்தப் பிரச்சினை வரவே இல்லையா?"

"இல்லீங்க மேடம். மொதல்லயே சரியா வந்துருச்சு" என்றான் நவநீதன்.

சாயங்காலம் முடிவு சொல்கிறேன் என்று அவர் போனதும் படிக்கட்டில் சண்டை. "உன்னால எல்லார் மானமும் போச்சு. கம்முனு இருந்திருந்தா என்னவாம்? நானு யாரையாச்சும் மாட்டி விட்டனா?" என்று எகிறினான் மிதுன்ராஜ். "வேலை செய்யற ப்ரோக்ராம் கேட்டாங்க, குடுத்தேன். இதுல என்ன தப்பு?" என்றான் நவநீதன். "நான் என்னோடதத்தானுங்க சொன்னேன்" என்று சொல்லும்போதே கோகிலவாணி அழுதுவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். ஒருவன் மறைத்தான், ஒருவன் திருத்தினான், ஒருத்தி ஒத்துக்கொண்டாள். இவர்களில் யார் செய்தது சரி? அந்த ஒரு வேலை யாருக்குப் போயிருக்க வேண்டும்?

என் விடை, கோகிலவாணி. மிதுன்ராஜின் பச்சை எழுத்தை நம்பி நோயாளி நாளெல்லாம் காத்துக் கிடப்பார், அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். நவநீதன் திருத்தியது கெட்டிக்காரத்தனம்தான். போட்டி என்று வாயை மூடிக்கொண்டதைக்கூட விட்டுவிடலாம். கேட்டபோது, "எனக்கும் வந்தது, நான் திருத்தினேன்" என்று சொல்லியிருந்தால், வேலை அவனுக்கே என்று நானும் சொல்லியிருப்பேன். வரவே இல்லை என்றானே, அங்கேதான் கெட்டான். ஆஸ்பத்திரியில் ஒன்று உடைந்தால், உடைந்தது என்று சொல்லும் ஆள்தான் முதலில் வேண்டும், திருத்தக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் அவன் சொன்னது பொய் என்று ரெஜினா மேடத்துக்கு எப்படித் தெரியும்? வேலை நவநீதனுக்குப் போனது. அவன் படத்தைப் பெரிதாகப் போட்டு கனகசபாபதி அடுத்த பேட்சுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கோகிலவாணி அந்த வாரமே ஜவுளிக்கடைக்குத் திரும்பிப் போய்விட்டாள். யார் செய்தது சரி என்றுதான் நான் கேட்டேன். சரியாகச் செய்தவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவில்லை.