முப்பத்தோராவது கல்

நரைக்கல் மலையில் ஒரு கரடி இருந்தது. அதற்கு வாய்த்த குகைக்குள் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. ஊற்றைக் கரடி தோண்டவில்லை. கரடியின் அப்பனும் தோண்டவில்லை. பூமி தானாகக் கொதித்துத் தானாகப் பொங்கிய தண்ணீர் அது. ஆனாலும் குகைவாசலில் முதலில் போய்ப் படுத்தது கரடி என்பதால், ஊற்று கரடியுடையது ஆகிவிட்டது. உலகத்தில் பல சொத்துகள் இப்படித்தான் சேருகின்றன.

மழை ஓய்ந்து கார்த்திகை வந்தால் அந்த மலையில் பனி கொட்டும். விடியும்போது புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாக நிற்கும். வளைகளில் இருக்கும் பிராணிகள் பல் கிட்டிப்போய்க் கிடக்கும். அதனால் கரடி ஓர் ஏற்பாடு செய்தது. கூழாங்கற்களை ஊற்றில் போட்டுச் சூடாக்கி வைக்கும். வேண்டியவர்கள் காலையில் வந்து ஒரு கல்லை உருட்டிக்கொண்டு போகலாம். மறுநாள் காலைவரை சூடு தாங்கும். ஆறிய கல்லைக் கொடுத்துவிட்டு வேறு சூடான கல் வாங்கிக்கொள்ளலாம்.

சும்மா இல்லை. கல்லுக்கு ஒரு நெல்லிக்காய். தேனில் ஊறிய நெல்லிக்காய் என்றால் கரடிக்கு உயிர். ஆனால் வெளியே போய்ப் பறிக்க உடம்பு வணங்காது.

கணக்குப் பார்க்க ஒரு கருமந்தியை அது வைத்திருந்தது. அவன் பெயர் சிங்காரம். ஒவ்வொரு வளையின் வாசலிலும் ஒரு கம்பு நட்டிருந்தது. ஒரு கல் எடுத்தால் கம்பில் ஒரு கீறல் போட வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சிங்காரம் வந்து கீறல்களை எண்ணுவான். காய் எத்தனை என்று சொல்லிவிட்டு, பழைய கம்பைப் பிடுங்கிப் புதுக் கம்பு நட்டுவிட்டுப் போவான்.

இதில் ஒரு சட்டம் உண்டு. முப்பது கீறல்வரை கல்லுக்கு ஒரு காய். முப்பத்தொன்று ஆகிவிட்டால் கல்லுக்கு மூன்று காய். அந்த முப்பத்தோராவது கல்லுக்கு மட்டும்தான் மூன்று என்று நினைத்துவிடாதீர்கள். முதல் கல்லிலிருந்து எல்லாக் கல்லுக்கும் மூன்று.

"அதிகமாச் சூடு காயறவங்க அதிகமாக் குடுக்கோணும். அதுதானுங்க நாயம்" என்பான் சிங்காரம். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும்.

மலைச்சரிவில் ஒரு புதருக்கடியில் பாவாயி என்ற முயல் இருந்தாள். புருஷனைச் செந்நாய் கொண்டுபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்று குட்டிகள். மூன்றாவது குட்டி உள்ளங்கை அளவுகூட இல்லாத நோஞ்சான். அதற்காகத்தான் அவள் தினமும் ஒரு கல் வாங்கினாள். தினம் ஒன்று என்றால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி முப்பது. முப்பது காய் பறிப்பது அவளுக்கு முடிகிற வேலைதான். கார்த்திகையில் அப்படித்தான் நடந்தது.

மார்கழிப் பௌர்ணமியன்று சிங்காரம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்று நாள் கழித்து வந்தான். கீறலை எண்ணினான்.

"முப்பத்து மூணு. அப்ப தொண்ணூத்தொம்பது காய் ஆச்சுங்க அம்மிணி."

பாவாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தொண்ணூத்தொம்பதா? போன மாசம் முப்பதுதானுங்களே! நான் ஒரு கல்லுகூட சேத்தி வாங்கலீங்களே!"

"கம்பு சொல்லுதுங்க. நானா சொல்றேன்?"

"நீங்க மூணு நாள் தாட்டி வந்தீங்க. அதனாலதானுங்க இது."

"நெம்பக் குளிரா இருந்துதுங்க. எப்படி வெளிய வாரது?" என்றான் சிங்காரம். போகும்போது திரும்பி நின்று புத்தி வேறு சொன்னான். "கொஞ்சம் சிக்கனமா இருங்க அம்மிணி. வளை வாசலைச் சருகு போட்டு அடைங்க. குட்டிகளை ஒண்ணை ஒண்ணு ஒட்டிப் படுக்கச் சொல்லுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கல்லு எடுத்தாப் போதாதா?"

இதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வருகிறதா? வர வேண்டும். மூன்று நாள் தாமதமாக வந்தவன் அவன். தண்டம் கட்டியவள் அவள். அதற்கு மேல் சிக்கனமாக இருக்கச் சொல்லிப் பாடம் நடத்தியவனும் அவனே.

ஆனால் பாவாயிக்குக் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. அக்கம்பக்கத்தில் தெரிந்தால் என்ன சொல்வார்கள்? 'புருஷன் போன பிறகு கல்லுமேல கல்லு வாங்கிக் காயறா பாரு' என்று பேச மாட்டார்களா? அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நான்கு மலைமடிப்பு தாண்டி, வல்லூறு வட்டமிடும் பொட்டல்வழி ஓடி, நெல்லி மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்கிப் பொறுக்கித் தொண்ணூற்றொன்பது காயையும் சேர்த்துக் கட்டினாள். அந்த நாட்களில் குட்டிகள் பாதிப் பொழுது பட்டினி கிடந்தன.

பக்கத்து மரத்து மலையணில் ராசம்மா கேட்டாள். "என்ன பாவாயி, இளைச்சுப்போயிட்டே?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. குளிருக்குத் தீனி எறங்கறதில்லே" என்று சொல்லி அவள் நழுவிவிட்டாள்.

அடுத்த மாதம் பாவாயி சிக்கனமாக இருந்தாள். வாசலைச் சருகால் அடைத்தாள். தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிக் குட்டிகளுக்கு மெத்தை போட்டாள். நடுநடுவே ஐந்து நாள் கல்லே வாங்கவில்லை. ஐந்தாவது தடவை வாங்காமல் விட்டபோது நோஞ்சான் குட்டி பால் குடிக்கவில்லை. காது விறைத்து, வாய் திறக்காமல் கிடந்தது. பயந்துபோய் மறுநாள் விடிவதற்குள் ஓடிப்போய்க் கல் வாங்கி வந்தாள். அதன்பிறகு ஒரு நாளும் விடவில்லை.

மூன்று நாள் தள்ளி நட்ட கம்பில் தைப் பௌர்ணமியன்று இருபத்திரண்டு கீறல்தான். பாவாயிக்கு நிம்மதியாக இருந்தது.

சிங்காரம் வரவில்லை.

இன்று வருவான், நாளைக்கு வருவான் என்று அவள் தினமும் வழியைப் பார்த்தாள். இருபத்தைந்து. இருபத்தெட்டு. முப்பது. ஒன்பதாம் நாள் காலையில் கம்பின் முன்னால் வெகுநேரம் நின்றாள். இன்று ஒரு கல் எடுத்தால் முப்பத்தொன்று. எடுக்காவிட்டால் குட்டி தாங்காது. உள்ளே நோஞ்சான் முனகியது. அவள் கல்லை உருட்டிக்கொண்டு வந்து ஒரு கீறல் போட்டாள்.

அன்று மத்தியானம் சிங்காரம் வந்தான்.

"முப்பத்தொண்ணு. தொண்ணூத்து மூணு காய்."

"ஒரே ஒரு கல்லுங்க" என்றாள் பாவாயி. "காலையில எடுத்ததுங்க. நீங்க ஒரு பொழுது முந்தி வந்திருந்தா முப்பதுதானுங்க."

"நான் வந்தது மத்தியானம்தானுங்களே. பத்து நாள் தவணை. கட்டலீன்னா கல்லை நிறுத்திப்போடுவாங்க. பெரியவரு சொன்னா சொன்னதுதான்."

பெரியவர் என்றால் கரடி. கல்லை நிறுத்துவது என்றால் நோஞ்சான் குட்டி இருக்காது. பாவாயியிடம் இருந்தது முப்பத்தொரு காய். மரத்தடிகளில் உதிர்ந்ததெல்லாம் போன மாதமே தீர்ந்துவிட்டது. முயலுக்கு மரம் ஏறவும் தெரியாது.

சிங்காரம் போன பிறகு அவள் வாசலில் உட்கார்ந்தாள். பிறகு எங்கிருந்து வந்ததோ, அந்த வெட்கம் முழுக்கக் கோபமாகத் திரும்பியது. எழுந்து நின்று மலையே கேட்கும்படி கத்தினாள்.

"கேளுங்க எல்லாரும்! எனக்குத் தொண்ணூத்து மூணு காய் போட்டிருக்காங்க. போன மாசம் தொண்ணூத்தொம்பது கட்டினேன். நான் அப்படி என்ன காஞ்சுபோட்டேன்? எங்குட்டி சாகக் கெடக்குது!"

மரத்து மேலிருந்து ராசம்மா எட்டிப் பார்த்தாள். "என்னது? உனக்குமா?"

"உனக்குமான்னா?"

"எனக்குத் தொண்ணூத்தாறு. எம் பேராசையினாலதான் இப்படி ஆச்சுன்னு நானே என்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன். வெளிய சொன்னா சிரிப்பாங்களேன்னு இருந்துட்டேன் கண்ணு."

கீழே பாறையடியில் முள்ளம்பன்றி நாச்சிமுத்து இருமிக்கொண்டே வெளியே வந்தார். "எனக்கு நூத்து ரெண்டு" என்றார். அவ்வளவு பெரிய உடம்பு கூனிக் குறுகி நின்றது. "எம் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லலே."

கீரி வந்தது. உடும்பு வந்தது. மரநாய் வந்தது. ஒருவர் விடாமல் எல்லாருக்கும் முப்பதைத் தாண்டியிருந்தது. ஒருவர் விடாமல் எல்லாரும் மறைத்திருந்தார்கள். பக்கத்து வளைக்காரர் ஒழுங்காக முப்பதுக்குள் கட்டுகிறார், நாம்தான் ஊதாரி என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் குளிரில் விறைத்திருந்தார்கள்.

"இன்னொண்ணு சொல்றேன்" என்றாள் ராசம்மா. "பௌர்ணமியன்னைக்கு உச்சிக்கிளையில இருந்து பாத்தேன். சிங்காரம் எங்கயும் போகலே. குகைவாசல்ல வெந்நீர்ல காலை நனைச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். ஒம்பது நாளும் அங்கதான் இருந்தான். நம்ம வேலை இல்லேன்னு விட்டுட்டேன்."

பாவாயி பின்காலால் தரையை ஓங்கி அறைந்தாள்.

"அவனுக்குக் குளிருனா நாம தெண்டம் கட்டோணுமா? இனி ஒரு கல்லும் வேண்டாம். எல்லாக் கல்லையும் கொண்டுபோய்க் குகைவாசல்ல போட்டுட்டு வந்துடலாம்."

"கல்லு இல்லாம உங்குட்டி?" என்றார் நாச்சிமுத்து.

பாவாயி வளைக்குள் திரும்பி நோஞ்சானைப் பார்த்தாள்.

நாச்சிமுத்துவே சொன்னார். "எங்க வளை பெருசு. பாட்டன் காலத்துல தோண்டினது. எல்லாரும் அங்க வந்துடுங்க. குட்டிகளை நடுவுல போட்டுட்டுச் சுத்திப் படுத்துக்கலாம்."

"உங்க முள்ளு?" என்றது உடும்பு.

"மடக்கிக்கிறேன் தம்பி. தூக்கத்துல சிலுத்துக்கிட்டா எழுப்பிவிடு."

மறுநாள் காலை மலைச்சரிவெங்கும் கற்கள் உருண்டன. கரடியின் குகைவாசலில் ஆறிய கற்கள் குவிந்தன. ஒருவர்கூடப் புதுக் கல் எடுக்கவில்லை. எல்லாரும் போய் நாச்சிமுத்துவின் வளைக்குள் நெருக்கிக்கொண்டு படுத்தார்கள். முதல் நாள் பாவாயி கண்ணை மூடவில்லை. நோஞ்சானின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டே இருந்தாள். பத்துப் பன்னிரண்டு உடம்புகளின் சூட்டில் வளை மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. விடியும்போது குட்டி தானாக முட்டி முட்டிப் பால் தேடியது. அவள் அழுதுவிட்டாள்.

நான்காம் நாள் சிங்காரம் வந்து வளைவாசலில் நின்று கத்தினான். "கல்லை நிறுத்திப்போடுவோம்!"

"நாங்க நிறுத்தி நாலு நாள் ஆச்சு" என்று உள்ளேயிருந்து கீரி சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். சிங்காரம் போய்விட்டான்.

பத்தாம் நாள் கரடியே வந்தது. அதன் தேன் ஜாடியில் ஒரு நெல்லிக்காய்கூட இல்லை. பல வருஷமாகப் பனிக்காலத்தில் வெளியே வராத உடம்பு. உறைந்த புல்லில் கால் வைத்து வைத்து எடுத்தது. மூக்கு நீலம் பாரித்திருந்தது.

"இவ்வளவு குளிரா இருக்குமா இங்க?" என்றது கரடி.

"உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுதுங்களா?" என்றாள் பாவாயி. வளைவாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கரடியின் பாதத்தளவுகூட அவள் இல்லை. "ரெண்டு மாசமா எங்களுக்குத் தெரியுமுங்க."

"சரி சரி. வந்து கல்லை எடுத்துக்குங்க. சிங்காரம் பண்ணினது எனக்குத் தெரியாது."

"தெரியாதுங்களா? தொண்ணூத்தொம்பது காய் வந்தப்ப, ஏன் இவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? தின்னீங்க."

கரடி தலை குனிந்தது.

"பௌர்ணமியன்னைக்கு இருக்கற கீறல்தான் கணக்கு. அவரு வந்தாலும் அதுதான், வராட்டியும் அதுதான். முப்பதுக்கு மேல போனா, போன கல்லுக்கு மட்டும் மூணு காய்" என்றாள் பாவாயி. "இந்த மாசத்துக்கு முப்பத்தொரு கல்லுக்கு முப்பத்தொரு காய், இந்தாங்க. பௌர்ணமியன்னைக்கு எங்கம்புல இருபத்திரண்டு கீறல்தான், அதனால தெண்டம் கெடையாது. மார்கழியில எங்கிட்ட அறுபத்தாறு காய் அதிகமா வாங்கினீங்க. அதைத் திருப்பிக் குடுங்க."

"தின்னதை எப்படித் திருப்பித் தாரது?"

"காயாத் தர முடியாதுன்னா கல்லாத் தாங்க. எனக்கு அறுபத்தாறு கல்லு. இவங்களுக்கும் அவங்கவங்க கட்டின கணக்குப்படி. அதுவரைக்கும் ஒத்தக் காய் வராது."

கரடி எல்லாரையும் பார்த்தது. ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. நாச்சிமுத்து மடக்கியிருந்த முள்ளை அப்போதுதான் நிமிர்த்தினார். பனிக்காற்று ஒரு தடவை வீசியது. கரடிக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

மறுநாளிலிருந்து தினம் ஒரு சூடான கல் பாவாயியின் வளைக்கு வந்தது. உருட்டிக்கொண்டு வந்தவன் சிங்காரம். நோஞ்சான் குட்டி அதன்மேல் ஏறிப் படுத்துத் தூங்கியது. அறுபத்தாறாவது கல் வந்து சேர்ந்தபோது மலையில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, கல்லை வாங்க ஆள் இல்லை, கரடியின் ஜாடி மறுபடியும் காலியாக இருந்தது.

நமக்கு நடக்கும் அநியாயத்தை நம்முடைய தப்பு என்று வெட்கப்பட்டு மறைத்தால் அது ஒவ்வொரு மாதமும் வந்து கதவைத் தட்டும், பக்கத்து வீட்டாரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் அது வந்த வழியே திரும்பிப் போகும்.