மணவறையில் நின்ற டம்மி

"சாமி, என் மக கல்யாணத்துக்கு நான் போகலீங்க. ஆனா ஆல்பத்துல அத்தனை போட்டோவுலயும் நான் நிக்கறேனுங்க."

இப்படிச் சொல்லிக்கிட்டு வந்தவர் சென்னியப்பன். திருப்பூர்க்காரர். ஓடறவங்க, ஆடறவங்க போடற உடுப்பை நாப்பது நாட்டுக்கு அனுப்பற கம்பெனி முதலாளி. வயசு அறுபத்திரண்டு. எங்க மடம் மலைமேல இருக்கு. நாலு பேர் தூக்க டோலியில வந்தார்.

மடத்துல சோறாக்கறவன் நான். பணக்காரங்களைக் கண்டாலே எனக்கு எரியும். மறைக்க மாட்டேன்.

எங்க சாமி பேரு மயிலாத்தா. நாப்பது வயசுதான் இருக்கும். கொடியில ஈர வேட்டி உலர்த்திக்கிட்டே கேட்டாங்க.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க முதலாளி?"

"ஜெர்மனியில கண்காட்சிங்க. பெரிய ஆர்டர். விட்டுட்டு வர முடியல."

"அப்ப மணவறையில நின்னது?"

அவர் குரல் இறங்கிப் போச்சு.

"டம்மிங்க."

கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல, சட்டை போட்டுப் பாக்க ஓர் அளவு பொம்மை செஞ்சாங்களாம். அவர் உடம்பளவுலயே செஞ்சது. அப்ப அவருக்கு இருபத்தேழு வயசு. அதுக்கப்புறம் அவருக்குத் தைக்கற துணியெல்லாம் அதுக்குத்தான் போட்டுப் பாப்பாங்க. நிக்க அவருக்கு நேரமில்லை. கல்யாணக் கோட்டும் அப்படித்தான்.

"போன்ல பொண்டாட்டி அழுதா. 'கோட்டை டம்மிக்கு மாட்டி மணவறையில நிறுத்து, நான் வந்த மாதிரிதான்'னேன். சிரிச்சுக்கிட்டு ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க."

"டம்மி அதைப் பேச்சுன்னு எடுத்துக்கலையாக்கும்."

"நடந்து வந்து நின்னுடுச்சுங்க. என் மக கையைப் புடிச்சு மாப்பிள்ளை கையில குடுத்துச்சு. அப்புறம் கம்பெனிக்குத் திரும்பவே இல்லை."

"இப்ப எங்க?"

"என் வீட்டுல. என் நாற்காலியில. பேத்தி பொறந்து மூணு மாசம். பாப்பாவைத் தோள்ல போட்டுத் தட்டிக் குடுக்குது. பாப்பா அதுகிட்டத்தான் தூங்கறா."

"மக என்ன சொல்றா?"

சென்னியப்பன் துண்டால வாயைப் பொத்திக்கிட்டார்.

"போன வாரம் வாசல்ல போய் நின்னேன் சாமி. 'யாருங்க வேணும்?'னு கேட்டா."

நானே போய் அவருக்கு ஒரு சொம்பு மோர் கொண்டாந்து வெச்சேன்.

"அதை எரிச்சுடலாங்களா? ஆள் வெச்சிருக்கேன். எனக்கு என் வீட்டுக்குப் போகணும் சாமி. அவ்வளவுதான்."

"கை ரெண்டையும் நீட்டி நில்லுங்க."

நீட்டினார். சாமி ஒரு கையில ஈர வேட்டி, ஒரு கையில ஈரத் துண்டு போட்டாங்க.

"அசையாதீங்க. அது வரும். ஒண்ணே ஒண்ணு கேக்கும். பதில் சொல்லிட்டா வீட்டுக்குப் போலாம்."

உச்சி வெயில். காக்கா கத்தல. காத்து நின்னு போச்சு.

கீழே படியில காலடி கேட்டுச்சு. அறுநூறு படி. ஏறி வர்றவங்களுக்கு மூச்சு இரைக்கும். இதுக்கு மூச்சே இல்லை.

வந்து நின்னுச்சு. இருபத்தேழு வயசு உடம்பு, அறுபத்திரண்டு வயசு மூஞ்சி. கழுத்துல வரிசையா குண்டூசி. கோட்டுத் தோள்ல குழந்தை கக்கின பால்.



அது அவரைப் பார்த்துக் கேட்டுச்சு.

"பாப்பா பேரென்ன?"

  

போனை எடுக்கச் சென்னியப்பன் கை மெதுவா சட்டைப் பைக்குப் போச்சு. வேட்டி நழுவி மண்ணுல விழுந்துச்சு.

"ஒரு நிமிஷம்... மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்."

அட கூறு கெட்ட மனுஷா! நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

அது திரும்பி இறங்க ஆரம்பிச்சுது.

"சாமி! நீங்களாவது சொல்லுங்க!"

"எனக்கும் தெரியாதுங்களே." சாமி விழுந்த வேட்டியை எடுத்து உதறினாங்க.

டோலிக்காரங்க எழுந்து நின்னாங்க. சென்னியப்பன் அவங்க பக்கம் திரும்பவே இல்லை. ஓடினார். அந்த உடம்பு ஓடிப் பழகின உடம்பே இல்லை. ரெண்டாவது படியில இடறி, முட்டி பேந்து, எழுந்து, மறுபடி ஓடினார்.

"எனக்குத் தெரியலை! தெரியலைப்பா! சொல்லிட்டுப் போ!"

படி திரும்பற இடத்துல அது நின்னுச்சு.

அவர் தலையைப் புடிச்சுச் சாய்ச்சுது. காதுல வாயை வெச்சுது. பேர் வைக்கறப்ப குழந்தை காதுல சொல்ற மாதிரி, ஒரு தடவை. ரெண்டு தடவை. மூணு தடவை.

சென்னியப்பன் வாயிலருந்து வீல்னு ஓர் அழுகை, மலையெல்லாம் கேட்டுச்சு. சத்தியமாச் சொல்றேன், அது பெரியவங்க அழற அழுகை இல்லை.

நான் தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

சாமி வேட்டியை மறுபடி கொடியில போட்டுட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாங்க.

"குழந்தை அழுவுது. போய்த் தூக்கு."