தண்ணீர் ஊற்றிய கொப்பரை

ஒரு ஊரிலே செங்காயி, செங்காயின்னு ஒருத்தி இருந்தாளாம். மழை பேஞ்சு மூணு வருஷமாச்சு. வீட்டிலே கம்பு இல்லை, கேழ்வரகு இல்லை, புளியங்கொட்டையைக்கூட வறுத்துத் தின்னாச்சு. அவளோட நாலு வயசு மக எழுந்து நிக்கத் தெம்பில்லாமச் சுருண்டு கிடந்தாளாம், பாவம்!

ராஜாவோட களஞ்சியத்திலேயோ கம்பு மலைமலையா இருந்தது. பஞ்சம் வந்தா ஊருக்குக் கொடுக்கணும்னு ராஜா சேர்த்து வைக்கச் சொன்ன கம்பு அது. ஆனா களஞ்சியக்காரன் மருதப்பன் அதை வெளியூருக்கு விற்கப் பார்த்தான்.

செங்காயி தனியாப் போய்க் கேட்டா. “நாளைக்கு வா”ன்னான். தெருப் பெண்களோட போய்க் கேட்டா. “நாளைக்கு வாங்க”ன்னான். அப்புறம் ஊரோட போய்க் கேட்டா. “நேத்து சொன்னது மறந்துபோச்சா? நாளைக்கு!”ன்னு சிரிச்சான்.

எல்லாரும் மாரியம்மன் கோயில்ல போய் உட்கார்ந்து, “ஆத்தா, வழி காட்டு”ன்னு அழுதாங்க. விடிஞ்சா ஆடிக் கூழ். வீட்டுக்கு வீடு கொண்டுவர்ற கூழைக் கொப்பரையில ஊத்தி, ஆத்தாளுக்குப் படைச்சு, அதுல ஒரு வாய் குடிச்ச பிறகுதான் ராஜா அன்னைக்குச் சாப்பிடுவார். செங்காயி சட்டுன்னு கண்ணைத் துடைச்சா.

“எல்லாரும் பானையோட வாங்கடி. வீட்டுல இருக்கிறதை ஊத்துவோம்.”

“தண்ணிதானே அக்கா இருக்கு?”

“அதைத்தான் ஊத்தப்போறோம். ஆத்தாகிட்ட பொய் சொல்ல முடியுமா?”

மறுநாள் ராஜா வந்தார். பூசாரி அகப்பையை விட்டு அள்ளினார். பார்த்தா, வெறும் தண்ணி!

“கூழ் எங்கே?”ன்னார் ராஜா.

செங்காயி முன்னாடி வந்தா. மகளை நினைச்சுக்கிட்டே சொன்னா: “கம்பு உங்க களஞ்சியத்துல பூட்டிக் கிடக்குது சாமி. ஆத்தாளும் எங்களோட பட்டினி.”

“பொய் மகாராஜா! வீட்டுக்கு ஒரு மூட்டை கொடுத்தேன், ஒளிச்சு வச்சிருக்காளுக!”ன்னு குதிச்சான் மருதப்பன்.

“அப்போ அண்ணனே எங்க வீடுகளுக்குப் போய் ஒரு பிடி கம்பு எடுத்து வரட்டும், இப்பவே கூழ் காய்ச்சிடுறேன்”ன்னா செங்காயி.

“போய் எடுத்து வா”ன்னார் ராஜா. மருதப்பன் மேலத்தெரு போனான், இல்லை. கீழத்தெரு போனான், இல்லை. நடுத்தெருவிலே பானை பானையாக் கவிழ்த்தான், ஒரு மணிகூட விழலை. வெறுங்கையோட வந்து தலைகுனிஞ்சு நின்னான்.

ராஜா தானே போய்க் களஞ்சியத்தைத் திறந்தார். ஊரே குலவை போட்டது! மருதப்பன் மூட்டை சுமந்தான், மாவு இடிச்சான், கூழ் கிண்டினான். ஊர் முழுக்கக் குடிச்சு முடிச்ச பிறகுதான் அவனுக்கு ஒரு வாய். செங்காயி மக மூணு கலயம் குடிச்சுட்டு எழுந்து ஓடினாளாம்!

அன்னையிலிருந்து களஞ்சியச் சாவி ஆத்தா காலடியில. பசிச்சவங்க யார் வேணும்னாலும் எடுத்துத் திறக்கலாம். அந்த ஊர்ப் பிள்ளைங்க வயிறு நிறைஞ்சது, நம்ம கதையும் நிறைஞ்சது.